திருவக்கரைக் கல்மரங்கள்: அன்றும் இன்றும்

1781ஆம் ஆண்டு பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர், புதுச்சேரிக்கு மேற்கே திருவக்கரைச் செம்மண் மேடுகளில் அடிமரங்கள் கல்லாகிக் கிடப்பதைப் பதிவு செய்தார். அந்தக் கல்மரங்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் குறிப்பு அதுதான் என்பார்கள். அப்போது ஐரோப்பாவில் பூமியின் வயது என்று மதகுருக்கள் சொல்லிவந்த கணக்கு சுமார் 6,000 ஆண்டுகள். அதை ஏற்காத பிரெஞ்சு அறிஞர் பஃபோன், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டுகள் ஆறுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, அதைப் பூமியின் அளவுக்குப் பெருக்கி, 1778இல் வெளியிட்ட நூலில் சுமார் 75,000 ஆண்டுகள் என்றார். அதுவே அன்று பெரும் துணிச்சல். சொன்னராவின் காலடியில் கிடந்த மரத்துக்கு இன்று சொல்லப்படும் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். பஃபோன் மொத்த பூமிக்கும் கொடுத்த ஆயுளைப்போல 260 மடங்குக்கு மேல்.

சொன்னரா பார்த்த காலத்தில் கல் நிறையக் கிடந்தது. அதைப் படிக்க வழியில்லை. இன்று படிக்கும் வழி பலவாகிவிட்டது, கல் அருகிவிட்டது. இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் நடந்த இரண்டரை நூற்றாண்டுக் கதை இது.

இன்று திருவக்கரை விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1940இல் இங்கே தேசியக் கல்மரப் பூங்காவை அமைத்தது. மொத்தப் பரப்பு சுமார் 100 ஹெக்டேர். அது ஒரே வளாகமாக இல்லாமல் ஒன்பது துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. பொதுமக்கள் பார்க்கத் திறந்திருப்பது அதில் சிறு பகுதிதான். ஏறத்தாழ 200 அடிமரங்கள் இருக்கின்றன. 3 மீட்டர் நீளத்திலிருந்து 15 மீட்டர் வரை. எல்லாம் படுத்த மரங்கள். நிற்கும் மரம் ஒன்றுகூட இல்லை.

கிட்டே போய்க் குனிந்தால் தச்சுப்பட்டறையில் புழங்கும் சொற்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இழை ஓடுகிறது. கிளை முறிந்த இடத்தில் கணு சுழித்திருக்கிறது. நடுவில் வைரம் கறுத்தும், வெளிப்புறம் வெளிறிப் பழுத்தும் இருக்கிறது. வண்டு துளைத்ததைப் போன்ற ஓட்டைகள் அங்கங்கே. விரலால் தட்டினால்தான் மாயம் கலைகிறது: கணீரென்ற கல்லோசை. நீளமான மரங்கள் பல குறுக்கே நேராக உடைந்து, ரம்பம் வைத்து அறுத்தவை போலத் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. யாரும் அறுக்கவில்லை. சிலிக்கா வளையாது; மேலிருந்த மண்ணின் பாரத்தில் முறிந்துவிட்டது.

இந்த மரங்களுக்குக் கிளையில்லை, இலையில்லை, வேரில்லை, பட்டையும் இல்லை. ஆகவே இவை இங்கே வளர்ந்து இங்கேயே சாய்ந்தவை அல்ல, எங்கிருந்தோ பெருவெள்ளத்தில் உருண்டு வந்தவை என்பது நிலவியலார் முடிவு. வழியெல்லாம் பாறையிலும் மணலிலும் உரசிக் கிளைகளையும் வேர்களையும் இழந்து, வெள்ளம் வடிந்த இடத்தில் ஒதுங்கி, அடுத்தடுத்த வெள்ளங்கள் கொண்டுவந்த மணலுக்கடியில் புதைந்திருக்கின்றன. அந்த மணலே இறுகிக் கடலூர் மணற்பாறை ஆயிற்று. புதுச்சேரியைச் சுற்றியும் கடலூர், நெய்வேலிப் பக்கமும் தெரியும் செம்மேடுகள் அனைத்தும் இந்தப் பாறைதான்.

மரம் எப்படிக் கல்லாகிறது என்பதற்கு அன்று சொன்ன விளக்கமும் இன்று சொல்வதும் அடிப்படையில் ஒன்றே. நிலத்தடி நீரில் கரைந்துள்ள சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து, அறைச்சுவர் மட்கி மறைவதற்குள் அதன் மேல் படிந்து அச்சு எடுத்துக்கொள்கிறது. காலக் கணக்குதான் மாறியது. இதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். ஜப்பானில் ஒரு வெந்நீர் ஊற்றில் மரத்துண்டுகளைப் போட்டுவைத்த ஆய்வாளர்கள், 7 ஆண்டுகளுக்குள் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் சிலிக்கா ஏறியதாக 2004இல் வெளியிட்டார்கள். திருவக்கரையில் வெந்நீர் ஊற்று இல்லை, ஆகவே இதை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் மரம் கல்லாவது நாம் நினைத்த அளவுக்கு மெதுவான வேலை இல்லை. அழுகல் முந்தியிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. கல்லாவது முந்திக்கொண்ட மரங்கள் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன.

ஊர்க்காரர்களுக்கு வேறொரு விளக்கம் இருந்தது, இருக்கிறது. திருவக்கரை பாடல் பெற்ற தலம். சந்திரமௌலீசுவரர் கோயிலில் குடிகொண்ட வக்கிரகாளிதான் இன்று ஊரின் அடையாளம். வக்கிராசுரன் வதையின்போது சிதறிய எலும்புகளே இந்தக் கல்மரங்கள் என்று கதை. இதைக் கேட்டுச் சிரிக்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பெரிய உடல் ஒன்று இறந்து கல்லாகிக் கிடக்கிறது என்பதுவரை அந்தக் கதை சரியாகவே கண்டிருக்கிறது. உடல் யாருடையது என்பதில்தான் வேறுபாடு. பௌர்ணமி இரவில் கோயிலில் கால்வைக்க இடமிருக்காது. பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கு வந்தாலும் பெரிது.

சொன்னராவுக்குப் பிறகு இந்த மரங்களைப் பற்றி விரிவாக எழுதியவர் ஜான் வாரன் என்ற இராணுவ அதிகாரி. கோலார் மண்ணில் தங்கம் இருப்பதைத் தேடிப்போய் உறுதி செய்தவரும் இவரே. சென்னை வானாய்வுக்கூடத்தைச் சிலகாலம் பார்த்துக்கொண்டவரும் இவரே. திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை கல்கத்தா ஆசியக் கழகத்தின் தொகுதியில் 1810இல் வந்தது. தங்கத்தையும் நட்சத்திரத்தையும் அளந்த அவரிடம் கல்மரத்தை அளக்க நாடாவும் கண்ணும் மட்டுமே இருந்தன. நீளம் எவ்வளவு, நிறம் என்ன, எத்தனை கெட்டி என்பதற்கு மேல் அன்று யாராலும் போக முடியவில்லை. உள்ளே பார்க்கும் வழி 1831இல்தான் பொதுவில் வந்தது. கல்மரத்தை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சில்லாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைக்கலாம் என்று எடின்பரோ நகரத்துக் கைவினைஞர்கள் கண்டிருந்ததை ஹென்றி விதாம் அந்த ஆண்டு நூலாக வெளியிட்டார்.

அந்த முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. கல்மரத்தில் மூன்று திசைகளில் சில்லு எடுக்க வேண்டும்: மரத்தின் குறுக்கே ஒன்று, மையத்திலிருந்து பட்டை நோக்கி ஒன்று, பட்டைக்கு இணையாக ஒன்று. சில்லைக் கண்ணாடித் தகட்டில் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டி, இரும்புத் தகட்டின் மேல் கார்போரண்டம் பொடியும் நீரும் விட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு கனத்துக்கு வரும்வரை தேய்க்க வேண்டும். ஒரு சுற்றுக் கூடத் தேய்த்துவிட்டால் சில்லு இல்லை, வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். அன்று இதைக் கையால் செய்தார்கள். இன்று வைர ரம்பமும் தேய்ப்பு எந்திரமும் வந்துவிட்டன. கனடா பால்சத்தின் இடத்தை எபாக்சி பிடித்துக்கொண்டது. சில வகைப் புதைபடிவங்களை வெட்டாமலே எக்ஸ்கதிர் சி.டி. கருவியில் சுழற்றி உள்ளே பார்க்கவும் முடிகிறது. இருந்தாலும் சிலிக்கா மரத்துக்குக் கடைசியில் அந்த மெல்லிய சில்லே தேவைப்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், தாவரங்கள் எல்லாம் உயிரணுக்களால் ஆனவை என்று சொன்ன அதே ஷ்லைடன், இந்தப் பகுதியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒரு கல்மரத்துக்குப் பெயர் வைத்தார். அது ஊசியிலை மரவகை. 1931இல் பீர்பால் சாஹ்னி இந்தியாவின் ஊசியிலைப் படிவங்களை எல்லாம் மறுபடி ஆராய்ந்தபோது அதை மெசெம்ப்ரியாக்சிலான் என்ற பேரினத்தில் சேர்த்தார். கேம்பிரிட்ஜில் படித்துவந்து லக்னோவில் பாடம் நடத்திய சாஹ்னிதான் இந்தியாவில் படிவத் தாவரவியலுக்கு ஒரு தனி நிறுவனம் கேட்டுப் பாடுபட்டவர். 1949 ஏப்ரல் 3ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லிலேயே உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த படிவங்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 10ஆம் நாள், சாஹ்னி இறந்துபோனார்.

அவர் பெயரால் அமைந்த நிறுவனமும் அவருக்குப் பின் வந்தவர்களும்தான் கடலூர் மணற்பாறையின் மரங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். 1950களிலும் 60களிலும் சி.ஜி.கே. ராமானுஜம், ஜி.கே.பி. நவலே, என். அவஸ்தி ஆகியோர் எழுதிய கட்டுரைகளைப் புரட்டினால் ஒரு காடே பெயர்பெயராக எழுந்து வருகிறது. மா இனம், கருங்காலி இனம், மருது இனம், புளி, வாகை சேர்ந்த அவரைக் குடும்ப மரங்கள். அவற்றோடு டிப்டெரோகார்ப் எனப்படும் குங்கிலியக் குடும்பத்து மரங்கள் பல.

இந்தக் கடைசிக் குடும்பத்தை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. குங்கிலியக் குடும்பத்து மரங்களில் பிசின் ஓடத் தனி நாளங்கள் உண்டு. குறுக்குவெட்டுச் சில்லில் அவை நுண்துளைகளாகத் தெரியும். டிப்டெரோகார்ப்பஸ் இனத்தில் அவை தனித்தனியாகவோ இரண்டு மூன்று சேர்ந்த குட்டை வரிசையாகவோ சிதறிக் கிடக்கும். ஷோரியா, ஹோபியா போன்ற இனங்களில் மரத்தைச் சுற்றிவரும் நீண்ட வரிசையாக அணிவகுக்கும். 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பிசின் ஓடிய துளை இன்று கல்லில் துளையாகவே இருக்கிறது. அதன் வரிசையைப் பார்த்தே மரம் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுகிறார்கள்.

இன்றைக்கு டிப்டெரோகார்ப்பஸ் இனம் தென்னிந்தியாவில் எங்கே வளர்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் பசுமைமாறாக் காடுகளில். பிறகு அந்தமானில். அதன் பிறகு பர்மா, மலேயா, போர்னியோ. திருவக்கரைப் பகுதியில் பெய்வது ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்துவிட்டு ஓய்ந்துவிடும். கருங்காலியும் மருதும் இந்த வறட்சியைத் தாங்கும் இனங்களையும் பெற்றிருக்கின்றன. டிப்டெரோகார்ப்பஸ் தாங்காது. ஆகவே அது கல்லாகக் கிடக்கும் இடத்தில் ஒரு காலத்தில், அல்லது அந்த இடத்துக்கு வெள்ளம் புறப்பட்ட மேட்டில், ஆண்டு முழுதும் ஈரம் காயாத காடு இருந்திருக்க வேண்டும்.

ஷ்லைடன் பெயரிட்ட அந்த ஊசியிலை மரத்தின் நிலையும் இப்படியே. அது போடோகார்ப் குடும்பத்தோடு ஒத்துப்போகிறது என்பது சாஹ்னிக்குப் பின் வந்தோர் பலரின் கருத்து. அந்தக் குடும்பத்தில் இன்று தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வகை. அதுவும் தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான மேடுகளில்தான். அடையாளம் கண்ட மரங்களில் பல இப்படி மேற்கே மலைக்கு ஏறிவிட்டன, அல்லது கடல் தாண்டிக் கிழக்கே இருக்கின்றன.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. சொன்னராவின் பெயரை லின்னேயஸின் மகன் ஒரு கண்டல் மரப் பேரினத்துக்குச் சூட்டினார்: சொன்னரேஷியா. சொன்னரா கல்மரங்களைப் பார்த்துப் போய் 170 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1950களில், ராமானுஜம் தென்னார்க்காட்டுக் கல்மரம் ஒன்றுக்கு அதே பெயரையொட்டி சொன்னரேஷியாக்சிலான் என்று பெயரிட்டார். பிறகு அவஸ்தி அந்தச் சில்லையே எடுத்து மறுபடி ஆராய்ந்தார். படிவத் தாவரவியலில் இது குறையாக எண்ணப்படுவதில்லை. பெயர் மாறும், சில்லு இருக்கும். ஐயம் வந்தவர் எவரும் திரும்பப் போய்ப் பார்க்கலாம். அன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு டேராடூனிலோ ஐரோப்பாவிலோ உள்ள மரமாதிரிக் கூடத்துக்கு இரயிலிலோ கப்பலிலோ போக வேண்டியிருந்தது, அல்லது கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2004 முதல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான மரவகைகளின் நுண்ணோக்கிப் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. நீர்நாளத்தின் அகலம், பிசின் நாளத்தின் வரிசை என்று ஒவ்வொரு குணமாகக் கொடுத்தால் ஒத்துவரும் இனங்களைச் சலித்துத் தருகிறது. மாதக்கணக்கான வேலை மணிக்கணக்காகிவிட்டது.

இனம் தெரியாவிட்டாலும் மரம் சிலவற்றைச் சொல்லும். கோடையும் குளிரும் கடுமையாக மாறிமாறி வரும் இடத்து மரத்தில் ஆண்டு வளையம் அழுத்தமாக விழும். திருவக்கரை அகன்ற இலை மரங்கள் பலவற்றில் வளையம் மங்கலாக இருக்கிறது, அல்லது தெரியவே இல்லை. நீர்நாளங்கள் அகலமாக, மரம் முழுதும் பரவலாக இருக்கின்றன. தண்ணீர் தட்டில்லாத இடத்து மரத்தின் இயல்பு அது. வறண்ட இடத்து மரம் நாளத்தைக் குறுக்கிக்கொள்ளும், ஏனென்றால் அகன்ற நாளத்தில் காற்றுக்குமிழி புகுந்து நீரோட்டத்தை அறுத்துவிடும் அபாயம் அதிகம். அகலத்தை எண்ணிக்கையால் வகுத்து ஒரு குறியீட்டெண் தரும் முறையை ஷெர்வின் கார்ல்குவிஸ்ட் 1970களில் வகுத்தார்.

இலை கிடைத்திருந்தால் இன்னும் நுட்பமாகப் போயிருக்கலாம். இலை விளிம்பு பல்லாக வெட்டுப்பட்டதா, மழுங்கலா என்று எண்ணியே சராசரி வெப்பத்தைக் கணிக்கிறார்கள். இலைத்துளைகளின் அடர்த்தியிலிருந்து அன்றைய காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருந்தது என்று சொல்லும் முறையும் 1980களிலிருந்து வளர்ந்திருக்கிறது. வாயு கூடினால் இலை துளைகளைக் குறைத்துக்கொள்ளும். திருவக்கரை வெள்ளம் இலைகளை விட்டுவைக்கவில்லை. அந்தக் கதவு இங்கே சாத்தியே கிடக்கிறது.

ஈரக்காடு ஏன் போயிற்று? முதல் காரணம் நிலமே நகர்ந்தது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே போகிறது. 2 கோடி ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால் ஆயிரம் கிலோமீட்டர். இன்று 12ஆம் பாகையில் இருக்கும் திருவக்கரை அன்று நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருந்தது. உலகமும் அன்று இன்றைவிடச் சில டிகிரி வெப்பமாக இருந்தது. பிறகு இமயம் உயர்ந்தது, பருவக்காற்று வலுத்தது, மழை ஆண்டு முழுதும் பரவாமல் சில மாதங்களில் திரண்டது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்த, கிழக்குச் சமவெளி மழை மறைவில் விழுந்தது. 80 இலட்சம் முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இமய அடிவாரத்துப் படிவுகளில் வெயிலைத் தாங்கும் புல்வகைகள் பரவிய தடயம் கரிமத்தின் வேதியியலில் பதிவாகியிருக்கிறது. காடு ஒரே நாளில் மடியவில்லை. ஒவ்வொரு இனமாக, தனக்கு வேண்டிய ஈரம் இருக்கும் இடத்துக்குச் சுருங்கியது.

இன்று அந்த மண்ணில் நிற்பவை முந்திரியும் சவுக்கும். முந்திரி போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம்; மாவுக்குச் சொந்தம், ஒரே குடும்பம். கீழே மா இனத்து மரம் கல்லாகக் கிடக்க, மேலே அதன் தென்னமெரிக்க ஒன்றுவிட்ட உறவு காய்த்துக்கொண்டிருக்கிறது. சவுக்கோ ஆஸ்திரேலிய, தென்கிழக்காசியக் கரைகளுக்கு உரியது. இந்தச் செம்மேட்டுக்கே உரிய இயற்கைக் காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் புதுப்பட்டு அய்யனார் கோயில்காடு போன்ற சிறு திட்டுகளுக்குத்தான் போக வேண்டும். வறள் பசுமைமாறாக் காடு என்பார்கள். காசா, வீரை, கருங்காலி என்று குட்டையான, இலை தடித்த, கோடையிலும் இலை உதிர்க்காத மரங்கள். பழைய பெருங்காட்டில் இருந்த கருங்காலி இனம் வறட்சிக்குப் பழகி இன்னும் நிற்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

1968இல் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில் நகரம் தொடங்கியபோது அது அமைந்த செம்மேட்டில் காடு என்று சொல்ல ஏதுமில்லை. மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலே சிவக்கும் என்பார்கள். வரப்பும் குளமும் வெட்டி, முதலில் ஆஸ்திரேலிய வேல மரங்களை நிழலுக்கு நட்டு, பிறகு உள்ளூர் இனங்களைக் கொண்டுவந்து, இலட்சக்கணக்கில் மரம் வளர்த்தார்கள். அரை நூற்றாண்டில் அங்கே மறுபடி காடு. அதே கடலூர் மணற்பாறை; அதன் மேல் மூன்றாவது காடு என்று சொல்லலாம். முதல் காட்டைப் போல் இது ஒருபோதும் ஆகாது. அதற்கு வேண்டிய மழை இல்லை.

இதே மணற்பாறைப் பகுதியில் தெற்கே இன்னொரு பழங்காடு கிடக்கிறது: நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. சதுப்பில் மட்கி, காற்றுப்படாமல் அமுங்கி, கல்லாகாமல் கரியான காடு. திருவக்கரையில் வைரம் மிஞ்சியது, இலை போயிற்று. நெய்வேலியில் மரம் கரியாயிற்று, மகரந்தம் மிஞ்சியது. நிலக்கரியைக் கடுமையான அமிலங்களில் கரைத்தாலும் மகரந்தத்தின் தோல் கரைவதில்லை. நுண்ணோக்கியில் பனை வகைகளின் மகரந்தம் ஏராளமாகத் தெரிகிறது. இந்த மகரந்தங்களாலேயே நெய்வேலிக் கரியின் வயதும் சர்ச்சைக்குள்ளானது. மயோசீன் காலத்தது, அதாவது திருவக்கரை மரங்களின் காலத்தது, என்றுதான் முன்பு பாடநூல்களில் இருந்தது. பின்னாளில் மகரந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஈயோசீன் காலத்துக்கு, அதாவது 3 கோடி ஆண்டுகளுக்கும் அப்பால், தள்ளினார்கள். மகரந்தத்தின் அளவோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு.

அந்தக் கரியை வெட்டியெடுக்க 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியது. 1962இல் முதல் அனல்மின் நிலையம் ஓடியது. 2020இல் அந்த முதல் நிலையம் நிறுத்தப்பட்டது. புதிய நிலையங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் காடு தன் காலத்தில் காற்றிலிருந்து இழுத்துவைத்த கரிமம்தான் தமிழ்நாட்டின் பல வீடுகளில் விளக்காக எரிந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து இலட்சம் மூலக்கூறுகளுக்குச் சுமார் 315ஆக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மயோசீன் காலத்தின் வெப்பமான நடுப்பகுதியில் இருந்த அளவை நோக்கி நாம் போகிறோம் என்பதால்தான் அந்தக் காலத்து மரங்களின் மீது இப்போது உலகெங்கும் இத்தனை அக்கறை. சாஹ்னியின் பெயரில் உள்ள நிறுவனமும் தாவரப் படிவத்தோடு நிற்காமல் பண்டைய பருவநிலையையும் சேர்த்துக்கொண்டு, பெயரையும் அதற்கேற்ப விரித்துக்கொண்டது.

ஆனால் கற்கள்? அன்று மேய்ச்சல்காரரும் மாட்டு வண்டிக்காரரும் தாண்டிப்போன துண்டுகளைப் பின்னாளில் வந்தவர்கள் அழகுக்கென்று எடுத்துப்போனார்கள். மெருகேற்றினால் பளபளக்கும் கல் அது. வரவேற்பறைக்கும் தோட்டத்துக்கும் போயிற்று. 1940இல் வேலி வந்தது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற தகுதியும் வந்தது. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலக் கடலடியில் புதைந்த 18 மீட்டர் ஊசியிலை மரம் ஒன்றை எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டதும் அதே 1940இல்தான். அதற்கும் இன்று வேலி உண்டு. வேலிக்குள் இருப்பவை பெரும்பாலும் பிழைத்துவிட்டன. திருவக்கரை என்றாலே இன்று செய்தித்தாளில் முதலில் வருவது கல்குவாரி. குவாரிக்காரர் தேடுவது கல்மரத்தை அல்ல, அதற்கும் பல மடங்கு பழைய கருங்கல்லை. இருந்தாலும் லாரியும் கிரஷரும் புழங்கும் ஊரில் தரையில் கிடக்கும் துண்டு எத்தனை நாள் கிடக்கும்?

ராமானுஜம், நவலே, அவஸ்தி காலத்துக் கட்டுரைகளில் ஓர் ஊர்ப்பெயர் அடிக்கடி வரும்: முரட்டாண்டிச்சாவடி, தென்னார்க்காடு. புதிய இனமென்று விவரிக்கப்பட்ட மரங்கள் பல அந்த ஊரை ஒட்டிய மேடுகளில் எடுத்தவை. தென்னார்க்காடு மாவட்டம் இன்று இல்லை. கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்துவிட்டது. ஊரை இன்று மொரட்டாண்டி என்பார்கள். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற எவருக்கும் அது சுங்கச்சாவடியாகத்தான் தெரியும். நான்குவழிச் சாலை, ஓட்டல்கள், கம்பி வேலிக்குள் மனைப்பிரிவுகள். அந்தப் பழைய சில்லு ஒன்றில் ஐயம் வந்து, அதே படுகையிலிருந்து இன்னொரு துண்டு வேண்டும் என்று இன்று ஓர் ஆய்வாளர் புறப்பட்டால், பூங்காவுக்குள் கிடப்பதை வெட்ட அனுமதி கேட்டு எழுத வேண்டும். வெளியே தேடுவதென்றால், மனை போடாமல் விட்டுவைத்த செம்மண் ஓடைகளின் கரையில், ஐப்பசி மழை புதிதாக அரித்துவிட்ட இடங்களில்தான் பார்க்க வேண்டும்.